தாத்தாவோடு ஏறிய மலைப்பாதையை முப்பது வருடம் கழித்துத் தேடிப் போவது எப்படி?

கேள்வி இது: ஆறேழு வயதில் தாத்தாவின் கையைப் பிடித்துக்கொண்டு அடிக்கடி ஏறிய ஒரு மலை. முப்பது வருடம் ஓடிவிட்டது, தாத்தாவும் இல்லை. இப்போது ஏழு வயது மகளோடு அதே வழியில் நடக்க ஆசை. பாதை துண்டு துண்டாகத்தான் நினைவிருக்கிறது. கைபேசி வரைபடத்தில் அப்படி ஒரு பாதையே இல்லை. போய்ப் பார்த்தால் எல்லாம் சின்னதாகத் தெரிந்து மனசு விட்டுப்போகுமோ என்ற பயமும் இருக்கிறது.

பெரும்பாலான பாதைகளைக் கண்டுபிடித்துவிடலாம். ஆனால் உங்கள் நினைவில் எதை நம்புவது, எதைத் தள்ளுவது என்பதை முதலில் பிரித்துக்கொள்ள வேண்டும். குழந்தைப் பருவ நினைவில் தூரம், உயரம், நேரம் மூன்றும் தாறுமாறாக இருக்கும். எதற்கு அடுத்து எது வந்தது என்ற வரிசை மட்டும் ஓரளவு பிசகாமல் நிற்கும். ஓடையைத் தாண்டிய பிறகுதான் பெரிய பாறை வந்தது, பாறைக்குப் பிறகுதான் காற்று அடிக்க ஆரம்பித்தது என்பது போன்ற வரிசை. தேடலை அதன் மேல் கட்டுங்கள். "ரொம்ப தூரம்", "செங்குத்து", "பெரிய காடு" என்பதையெல்லாம் ஒதுக்கி வையுங்கள்.

அளவுகள் ஏன் பொய்யாகின்றன என்று பார்த்துவிட்டால் தேடவேண்டிய இடம் வெகுவாகச் சுருங்கும். ஆறு வயதுக் குழந்தையின் உயரம் சுமார் 115 செ.மீ.; கண் மட்டம் தரையிலிருந்து ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் மேல். இடுப்பளவு புதர் உங்களுக்கு இன்று ஒரு பொருட்டே இல்லை. அன்று அது பார்வையை முழுதாக மறைத்த சுவர். 40 செ.மீ. உயரப் பாறைப்படியைக் கையூன்றித்தான் ஏறியிருப்பீர்கள். நேரக் கணக்கு இன்னும் மோசம். "காலையில் கிளம்பினால் திரும்ப மதியம் ஆகிவிடும்" என்பது ஐந்து மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். சின்னக் குழந்தையும் அறுபது தாண்டியவரும் சேர்ந்து போனால் அதில் ஒன்றரை மணி நேரமாவது உட்கார்ந்தே கழிந்திருக்கும். மிச்சம் மூன்றரை மணி நேரம். மேட்டில் அவர்கள் வேகம் மணிக்கு ஒன்றரை, இரண்டு கி.மீ. தாண்டாது. ஆக, ஒரு வழி நடை மூன்று கிலோமீட்டர், ஏற்றம் 200 முதல் 300 மீட்டர் என்றுதான் கணக்கு வருகிறது.

இதை இன்றைய உங்கள் வேகத்துக்கு மாற்றிப் பாருங்கள். ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892இல் சொன்ன கணக்கு இன்றும் புழக்கத்தில் இருக்கிறது: சமதளத்தில் மணிக்கு 5 கி.மீ., அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் கூடுதலாக ஒரு மணி நேரம். மூன்று கி.மீ.க்கு 36 நிமிடம், 250 மீட்டர் ஏற்றத்துக்கு 25 நிமிடம். ஓய்வைச் சேர்க்காமல் ஒரு மணி நேரம்தான். அரைநாள் மலை ஒரு மணி நேர மலையாகிவிட்டது. பலர் இந்தக் கணக்கைப் போடாமல், நினைவில் இருக்கும் பிரம்மாண்டத்துக்கு ஏற்ற மலையைத் தேடிக்கொண்டு பின்னால் இருக்கும் பெரிய தொடருக்குப் போய்விடுகிறார்கள். அங்கே எதுவும் பொருந்தாது. அன்று நடக்கத் தொடங்கிய இடத்தை, அதாவது வீட்டையோ வண்டி விட்டு இறங்கிய இடத்தையோ, மையமாக வைத்து வரைபடத்தில் இரண்டரை கி.மீ. ஆரத்தில் ஒரு வட்டம் போடுங்கள். பாதை வளைந்து வளைந்து போவதால் மூன்று கி.மீ. நடை நேர்கோட்டில் இரண்டு, இரண்டரைதான் வரும். உச்சி அநேகமாக அந்த வட்டத்துக்குள் இருக்கும்.

அடுத்தது, நினைவை எழுதி வைப்பது. இதை வரைபடத்தையோ பழைய படங்களையோ பார்ப்பதற்கு முன்பே செய்துவிட வேண்டும். படத்தை ஒருமுறை பார்த்துவிட்டால், படத்தில் இருப்பது நினைவில் இருந்ததாகவே தோன்றத் தொடங்கிவிடும். சின்னச் சின்னக் காகிதத் துண்டுகளை எடுத்துக்கொண்டு, துண்டுக்கு ஒரு காட்சி என்று எழுதுங்கள். பிறகு வரிசைப்படுத்துங்கள். தொடக்கத்திலிருந்து முடிவுவரை ஒருமுறை சொல்லிப் பார்த்துவிட்டு, உச்சியிலிருந்து வீடுவரை பின்னோக்கியும் சொல்லிப் பாருங்கள். சாட்சிகளை விசாரிக்க 1980களில் உளவியலாளர்கள் வகுத்த முறையில் இந்தப் பின்னோக்கிச் சொல்வதும் ஒன்று. வழக்கமாகச் சொல்லிப் பழகிய கதை உடைந்து, நடுவில் விட்டுப்போனவை மேலே வரும்.

எல்லாக் காட்சிக்கும் ஒரே மதிப்பு கொடுக்க வேண்டாம். ஒரு காட்சியில் உங்களையே வெளியிலிருந்து பார்ப்பது போல இருந்தால், அதாவது தாத்தாவும் ஒரு குழந்தையும் நடந்து போவது தெரிந்தால், அது பின்னால் கேட்ட பேச்சிலிருந்தோ பார்த்த படத்திலிருந்தோ கட்டப்பட்டதாக இருக்கலாம். உங்கள் கண் வழியே தெரியும் காட்சிக்குக் கூடுதல் எடை கொடுங்கள். உடம்போடு ஒட்டிய நினைவு அதைவிட மேல்: குனிந்து நுழைந்த இடம், தோளில் தூக்கிப்போன இடம், செருப்பைக் கழற்றிய இடம், மூச்சு வாங்கிய இடம். இவை நிலத்தின் உண்மையான குணத்தைச் சொல்கின்றன. செருப்பைக் கழற்றினீர்கள் என்றால் அங்கே தண்ணீர் கடக்க வேண்டியிருந்திருக்கிறது.

தாத்தா உங்களுடைய எந்தக் கையைப் பிடித்திருந்தார் என்று யோசியுங்கள். பள்ளம் ஒரு பக்கம் இருக்கும் பாதையில் பெரியவர்கள் பெரும்பாலும் குழந்தையை மலைப் பக்கமாக விட்டுத் தாங்கள் பள்ளத்துப் பக்கம் நடப்பார்கள். உங்கள் இடது கை அவர் பிடியில் இருந்தது என்றால் அவர் உங்களுக்கு இடப்பக்கம். பள்ளமும் இடப்பக்கம், மலை வலப்பக்கம். இதோடு காலை வெயில் முகத்தில் அடித்ததா முதுகில் அடித்ததா என்பதையும் சேருங்கள். காலையில் முதுகில் வெயில் என்றால் மேற்கு நோக்கி நடந்திருக்கிறீர்கள்; மேற்கு நோக்கிப் போகையில் மலை வலப்பக்கம் என்றால், அந்தப் பாதை மலையின் தெற்குச் சரிவில் இருக்கிறது. இரண்டே இரண்டு நினைவுகள் மலையின் முக்கால் பங்கைத் தேடலிலிருந்து கழித்துவிடுகின்றன.

அடிக்கடி போன நடை என்பதால் ஒரு சிக்கலும் உண்டு. பல தடவை போனவை மனதில் ஒரே நடையாகக் கலந்துவிடும். சில சமயம் இரண்டு வேறு வேறு பாதைகளே ஒன்றாகிவிடும். எவ்வளவு அடுக்கினாலும் ஒரு காகிதம் மட்டும் எங்கேயும் பொருந்தவில்லை என்றால் அதைத் திணிக்காதீர்கள், தனியே எடுத்து வையுங்கள். அண்ணன், தங்கை, அத்தை என்று யாராவது அதே வழியில் போயிருந்தால் அவர்களையும் கேளுங்கள், ஆனால் தனித்தனியாக. எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்தால் யார் குரல் பெரிதோ அவர் நினைவுதான் எல்லோருடைய நினைவாகவும் ஆகும்.

பழைய புகைப்படம் ஒன்று இருந்தால் பெரிய உதவி. அதன் நெகட்டிவ் கிடைத்தால் இன்னும் நல்லது. பிலிம் ஓரத்தில் அச்சாகியிருக்கும் எண்கள் படம் எடுத்த வரிசையைச் சொல்லும்: 12ஆம் எண்ணில் ஓடை, 15ஆம் எண்ணில் பாறை என்றால் வரிசை கையில் கிடைத்துவிட்டது. ஆல்பத்தில் ஒட்டிய வரிசையை மட்டும் நம்பவே கூடாது. அளவுக்கும் அழகுக்கும் ஏற்ப யாரோ மாற்றி ஒட்டியிருப்பார்கள்.

படம் எடுத்த அதே புள்ளியில் போய் நிற்க ஒரு வழி இருக்கிறது. படத்தில் பத்து இருபது மீட்டர் தூரத்தில் இருக்கும் ஒரு பாறை விளிம்பையும், அதற்குப் பின்னால் தொலைவில் தெரியும் மலைமுகட்டின் ஒரு பள்ளத்தையோ கூர்முனையையோ குறித்துக்கொள்ளுங்கள். மரத்தைத் தேர்ந்தெடுக்காதீர்கள், முப்பது வருடத்தில் கன்று பெருமரமாகியிருக்கும், பெருமரம் விழுந்திருக்கும். நேரில் நின்று பார்க்கும்போது, தொலை முகட்டோடு ஒப்பிட்டால் அருகிலுள்ள பாறை படத்தில் இருப்பதைவிட வலப்பக்கம் தள்ளித் தெரிந்தால் நீங்கள் வலப்பக்கம் நகர வேண்டும். இடப்பக்கம் தள்ளித் தெரிந்தால் இடப்பக்கம். பாறை பத்து மீட்டரில் இருக்கும்போது அரை மீட்டர் நகர்ந்தாலே அது கிட்டத்தட்ட மூன்று டிகிரி இடம் மாறும், இரண்டு கி.மீ. தள்ளியிருக்கும் முகடு அசையாது. அதனால் அரை மீட்டர் துல்லியத்தில் இடத்தைப் பிடிக்க முடியும். லென்ஸ் வேறுபாட்டையும் கணக்கில் எடுங்கள். அன்றைய சாதாரண கையடக்கக் கேமராக்கள் பலவற்றில் 35 முதல் 38 மி.மீ. லென்ஸ், லென்ஸைக் கழற்றி மாற்றக்கூடிய எஸ்.எல்.ஆர். கேமரா என்றால் பெரும்பாலும் 50 மி.மீ. கைபேசியின் முதன்மைக் கேமரா அதே கணக்கில் 25 மி.மீ. அளவில் இருக்கும். கைபேசியில் அப்படியே பார்த்தால் எல்லாம் சிறுத்து, தள்ளிப்போய்த் தெரியும். இடம் தவறோ என்று நினைக்கத் தோன்றும். முதல் வகைக்கு ஒன்றரை மடங்கும், இரண்டாவது வகைக்கு இரண்டு மடங்கும் பெரிதாக்கிவிட்டு ஒப்பிடுங்கள். படத்தை நீங்கள்தான் எடுத்தீர்கள் என்றால் குனிந்து ஒரு மீட்டர் உயரத்தில் கேமராவைப் பிடிக்க வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம்.

வரைபடத்துக்கு வருவோம். கைபேசி வரைபடத்தில் பாதை இல்லை என்பதற்கு எந்தப் பொருளும் இல்லை. அவை சாலைக்காக உருவானவை. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் ஒற்றையடிப் பாதைகள் இருக்க வாய்ப்பு அதிகம், ஏனென்றால் 2004இல் தொடங்கிய அந்த வரைபடத்தைத் தன்னார்வலர்களே வரைகிறார்கள். நடப்பவர்களும் அதில் இருக்கிறார்கள். ஆனால் உங்களுக்கு முதலில் வேண்டியது உங்கள் குழந்தைப் பருவக் காலத்து நில அளவை வரைபடம். 1:50,000 அளவையில் ஒரு மி.மீ. என்பது தரையில் 50 மீட்டர். பழைய ஓர் அங்குலம்–ஒரு மைல் வரைபடம் என்றால் 1:63,360. இவற்றில் ஒற்றையடிப் பாதைகள் புள்ளிக்கோடுகளாக இருக்கும். ஒரு எச்சரிக்கை: பழைய வரைபடங்கள் வேறு புவி அடிமானத்தில், அதாவது அட்சரேகை, தீர்க்கரேகையைக் கணக்கிடும் வேறொரு அடிப்படையில், வரையப்பட்டவை. அவற்றின் அட்சரேகை, தீர்க்கரேகையை அப்படியே ஜிபிஎஸ்ஸில் இட்டால் இடம் நூறு மீட்டருக்கு மேல், சில நாடுகளில் நானூறு மீட்டருக்கு மேல்கூடத் தள்ளிப்போகும். எண்ணை நம்பாமல் இரண்டு ஓடை சேரும் இடம், குன்றின் உச்சி போன்ற மாறாத புள்ளிகள் மூன்று நான்கை வைத்துப் பழைய வரைபடத்தைப் புதியதன் மேல் பொருத்துங்கள். சாலையை வைத்துப் பொருத்தாதீர்கள், சாலைகள் நேராக்கப்பட்டிருக்கும்.

ஒரே உயரத்தில் இருக்கும் இடங்களை இணைக்கும் சமவுயரக் கோடுகளைப் படிக்கத் தெரிந்தால் உங்கள் காகிதத் துண்டுகள் வரைபடத்திலேயே பேச ஆரம்பிக்கும். கோடுகள் வளைந்து கூர்மை மேட்டை நோக்கி இருந்தால் அது ஓடை வழி. இறக்கத்தை நோக்கி இருந்தால் முகட்டின் கிளை. இரண்டு மேடுகளுக்கு நடுவே தாழ்ந்த இடம் கணவாய். "திடீரென்று காற்று அடித்தது" என்பது அநேகமாகக் கணவாய்க்கோ முகட்டுக்கோ வந்து சேர்ந்த இடம்தான். 20 மீட்டர் உயர இடைவெளிக் கோடுகள் 1:50,000 வரைபடத்தில் இரண்டு மி.மீ. தள்ளியிருந்தால் சரிவு நூற்றுக்கு இருபது. ஏறலாம், மூச்சு வாங்கும். ஒரு மி.மீ. என்றால் நூற்றுக்கு நாற்பது. முதியவர் ஒருவர் குழந்தையை அந்தச் சரிவில் நேராக ஏற்றியிருக்க மாட்டார், வளைந்துதான் போயிருப்பார். ஒன்றை மனதில் வையுங்கள்: 15 மீட்டர் உயரச் செங்குத்துப் பாறை இரண்டு கோடுகளுக்கு நடுவில் மறைந்துபோகக்கூடும். இலவசமாகக் கிடைக்கும் பல உயர வரைபடங்கள் 2000 பிப்ரவரியில் விண்வெளி ஓடத்திலிருந்து ரேடார் கொண்டு எடுத்த, 30 மீட்டருக்கு ஒரு புள்ளி என்ற தரவிலிருந்து வந்தவை. அவற்றில் சின்னப் பாறைச்சுவர்கள் வழுவழுப்பாகிவிடும். கோடு இடம் கொடுக்கிறது என்பதற்காக நேர்வழி போட்டுக்கொண்டு ஏறக் கூடாது.

மேலிருந்து எடுத்த படங்களில் கூகுள் எர்த்தின் பழைய படங்களைப் பார்க்கும் வசதி போதும். ஆண்டுகளைப் பின்னோக்கித் தள்ளிக்கொண்டே போய், வறண்ட மாதத்தில் எடுத்த படத்தில் நிறுத்துங்கள். புல் காய்ந்திருக்கும்போது மிதிபட்ட பாதை வெளிறிய கோடாகத் தெரியும். மழைக்குப் பிந்தைய பச்சையில் அதே பாதை இருந்த இடம் தெரியாது. தெளிவான படங்கள் பல இடங்களுக்கு 2000க்குப் பிறகுதான் கிடைக்கும். அதற்கு முந்தைய காலத்துக்கு 1972 முதல் படம் பிடித்துவரும் லேண்ட்சாட் செயற்கைக்கோள்கள் இருக்கின்றன. 1982க்குப் பிறகான படங்களில்கூட ஒரு புள்ளி 30 மீட்டர் என்பதால் பாதை தெரியாது. ஆனால் காடு எப்போது தோட்டமானது, நீர்த்தேக்கம் எப்போது வந்தது, குவாரி எந்தப் பக்கத்தைத் தின்றது என்பது தெரியும். கேள்வி கேட்டவரைவிட மூத்தவர்களுக்கு இன்னொன்றும் உண்டு: அமெரிக்காவின் கொரோனா உளவுச் செயற்கைக்கோள்கள் 1960 முதல் 1972 வரை எடுத்த படங்களின் ரகசியத் தடை 1995இல் நீக்கப்பட்டது. பின்னாளையவற்றில் இரண்டு மீட்டர் அளவுப் பொருள்கூடத் தெரியும். அந்தக் காலத்து ஒற்றையடிப் பாதைகள் சிலவற்றில் பளிச்சென்று இருக்கும்.

இவ்வளவுக்கும் பிறகு அந்தப் பகுதியில் நடப்பவர்களைக் கேளுங்கள். ஆடு மாடு மேய்ப்பவர்கள், விறகு பொறுக்குபவர்கள், காவலர்கள். வண்டியில் மட்டும் போய்வருபவர்களுக்கு மலை தெரியாது. "இந்தப் பாதை உச்சிக்குப் போகுமா?" என்று கேட்டால் மரியாதைக்காகவே பலர் "போகும்" என்பார்கள். "இந்தப் பாதை எங்கே போகும்?" என்று கேளுங்கள். தாத்தா ஒரு பாறைக்கு வைத்த பெயர் உங்கள் குடும்பத்துக்குள் மட்டும் புழங்கியதாக இருக்கலாம். பெயரைச் சொல்லித் தேடினால் யாருக்கும் தெரியாது; வடிவத்தைச் சொல்லுங்கள், கையால் வரைந்து காட்டுங்கள்.

தரையில் இறங்கித் தேடும்போது மனிதப் பாதை, விலங்குத் தடம், மழைநீர் அறுத்த வாய்க்கால் மூன்றும் ஒன்றுபோல இருக்கும். இங்கேதான் நிறைய பேர் ஏமாறுகிறார்கள். வாய்க்கால் சரிவில் நேராக இறங்கும், அடியில் உருண்டைக் கற்கள் கிடக்கும். விலங்குத் தடம் பிரிந்து பிரிந்து சேரும், ஒரு மீட்டர் உயரக் கிளைக்கு அடியில் சுலபமாக நுழைந்து போகும், கடைசியில் மேய்ச்சல் இடத்தில் கரைந்துவிடும். பல தலைமுறை நடந்த மனிதப் பாதை சரிவைக் குறுக்கே வெட்டி ஒரே சீரான ஏற்றத்தோடு போகும். பள்ளத்துப் பக்கம் கல் அடுக்கித் தாங்கல் கட்டியிருக்கும். பாறையில் மிதிபட்டு வழுவழுப்பான இடங்கள் இருக்கும். தலை உயரத்தில் பழைய வெட்டுக்காயம் உள்ள கிளைகள் இருக்கும். கைவிட்டு இருபது வருடமானாலும் சரிவில் குறுக்கே ஒரு மீட்டர் அகலத்துக்கு மட்டமான படி ஒன்று மிஞ்சும். புதர் அதன் மேல் ஒரே வயதில், ஒரே உயரத்தில் வளர்ந்திருக்கும். இதைப் பார்க்க நடுப்பகல் உதவாது. காலை ஏழு, எட்டு மணிக்கோ மாலையிலோ, எதிர்ச் சரிவில் நின்றுகொண்டு பார்த்தால் சாய்ந்த வெயிலில் நிழல்கோடாகத் தெரியும். பாதை நடுவில் காணாமல் போனால் அந்த இடத்தை விட்டு அலையாதீர்கள். கடைசியாக உறுதியாக இருந்த இடத்தில் பையை வைத்துவிட்டு, அது கண்ணில் படும் தூரத்துக்குள் அரைவட்டமாகத் தேடிவிட்டுத் திரும்புங்கள். கற்குவியல் வைப்பது, பாறையில் அம்புக்குறி தீட்டுவது இரண்டும் வேண்டாம். உங்கள் சந்தேகத்தை அடுத்தவர் வழி என்று நம்பிப் போவார்.

வழி தவறும் விதம் ஏறும்போதும் இறங்கும்போதும் ஒன்றல்ல. முகட்டில் ஏறும்போது கிளைகள் எல்லாம் மேலே சென்று ஒன்றாகச் சேரும். கொஞ்சம் பிசகினாலும் உச்சிக்கு வந்துவிடுவீர்கள். இறங்கும்போது அதே கிளைகள் பிரியும். தவறான கிளையில் பத்து நிமிடம் இறங்கிவிட்டால் வேறொரு பள்ளத்தாக்குக்குப் போய்விடுவீர்கள். அதனால் ஏறும்போதே ஒவ்வொரு பிரிவிலும் நின்று, திரும்பி, இறங்கும்போது எப்படித் தெரியும் என்று பார்த்து ஒரு படமும் எடுத்துக்கொள்ளுங்கள். ஓடை வழியில் இது தலைகீழ். ஏறும்போதுதான் பிரியும், இறங்கும்போது சேரும்.

ஆகவே முதல் தடவை மகளைக் கூட்டிப்போக வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. பாதையைத் தேடும் நாள் வேறு, நடக்கும் நாள் வேறு. தேடும் நாளில் முள், திரும்பி வருதல், எரிச்சல் எல்லாம் இருக்கும். குழந்தைக்கு நினைவில் நிற்பது அதுதான். பெரியவர் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொண்டு முதலில் போய்வாருங்கள். கைபேசியில் வரைபடத்தை முன்பே இறக்கிவைத்து, விமான நிலையில் போட்டு ஜிபிஎஸ்ஸை மட்டும் இயக்கினால் மின்கலம் நெடுநேரம் வரும். ஜிபிஎஸ்ஸுக்குத் தொலைபேசி அலை தேவையில்லை. அலை இல்லாத இடத்தில் முதல் தடவை இடத்தைப் பிடிக்கச் சில நிமிடம் ஆகலாம், வெட்டவெளியில் பொறுமையாக நில்லுங்கள். திறந்த இடத்தில் ஐந்து மீட்டர் பிழை. அடர்ந்த மரத்தடியிலும் குறுகிய பள்ளத்திலும் அது பல மடங்காகும். நடந்த தடத்தைப் பதிவு செய்துகொண்டால் இரண்டாம் தடவைக்கு வேறெதுவும் தேவைப்படாது.

உங்கள் உடம்பும் முப்பது வருடம் நடந்திருக்கிறது. ஏற்றம் மூச்சை வாங்கும், அவ்வளவுதான். அடுத்த நாள் முடக்குவது இறக்கம். இறங்கும்போது தொடைத் தசை நீண்டுகொண்டே எடையைத் தாங்க வேண்டும். பழக்கமில்லாத தசை அதில் நுண்ணிய அளவில் காயப்படும். வலி அன்றே வராது, ஒன்று முதல் மூன்று நாட்களுக்குள் உச்சத்துக்கு வரும். ஒரு தடவை மிதமாக அந்த வேலையைச் செய்த தசை அடுத்த சில வாரங்களுக்கு ஓரளவு காப்புப் பெற்றுவிடும். பத்து நாள் முன்னதாக, இரண்டு நாட்கள், மாடிப்படியில் பதினைந்து இருபது தளம் இறங்கிப் பழகுங்கள். ஏற மின்தூக்கியைப் பயன்படுத்தலாம், தேவைப்படுவது இறக்கம்தான். முட்டி தொந்தரவு உள்ளவர் இரண்டு ஊன்றுகோல் எடுத்துக்கொள்ளலாம்: சமதளத்தில் முழங்கை செங்கோணத்தில் மடங்கும் உயரம், இறக்கத்தில் ஐந்து முதல் பத்து செ.மீ. கூடுதல்.

மகளோடு போகும் நாளுக்கு நெய்ஸ்மித் கணக்கை இரட்டிப்பாக்கி, ஓய்வுக்கு ஒரு மணி நேரம் சேருங்கள். திரும்ப வேண்டிய நேரத்தைக் கிளம்பும்போதே முடிவு செய்யுங்கள், உச்சி ஐந்து நிமிடத்தில் இருந்தாலும் மாற்றாதீர்கள். தண்ணீர் பெரியவருக்கு மணிக்கு அரை லிட்டர், வெக்கையில் ஒரு லிட்டர்வரை; குழந்தைக்குத் தாகம் என்று சொல்லும்வரை காத்திருக்காமல் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை சில வாய் கொடுங்கள். செங்குத்தான இறக்கத்தில் நீங்கள் அவளுக்குக் கீழே நடக்க வேண்டும். மின்னலுக்கும் இடிக்கும் இடையில் 30 வினாடிக்குக் குறைவாக இருந்தால் அது பத்து கி.மீ.க்குள் இருக்கிறது, முகட்டை விட்டு உடனே இறங்குங்கள். "இங்கேதான் உன் கொள்ளுத்தாத்தா உட்காருவார்" என்று ஒன்றிரண்டு இடத்தில் சொன்னால் போதும். அடிக்கு ஒரு கதை சொன்னால் அது உங்கள் மலையாகவே இருக்கும். அவளுக்கென்று ஒரு மலை கிடைக்காது.

சின்னதாகத் தெரியுமே என்ற பயத்துக்கு: தெரியத்தான் செய்யும், அதைத் தடுக்க முடியாது. குறைக்க முடியும். அன்று போன அதே மாதத்தில், அதே நேரத்தில் போங்கள். பள்ளி விடுமுறையில் போயிருந்தால் மாதம் தெரிந்ததே. வெளிச்சத்தின் கோணம், காய்ந்த புல்லின் வாசனை, ஓடையின் சத்தம் எல்லாம் பருவத்தைப் பொறுத்தவை. பொருந்தாத பருவத்தில் சரியான இடமே அந்நியமாகத் தெரியும். நினைவிருக்கும் இடங்களில் குந்தி உட்கார்ந்து, கண்ணை ஒரு மீட்டர் உயரத்துக்குக் கொண்டுவந்து சுற்றிப் பாருங்கள். புதர் சுவராகும், பாறை எழும்பும், எதிர் முகடு மறையும். மனதில் இருக்கும் அளவு எங்கிருந்து வந்தது என்பது அந்த நொடியில் பிடிபடும். நின்ற உயரத்தில் அடையாளம் தெரியாத இடம் குந்தியதும் தெரிவது உண்டு என்பதால் தேடும் நாளிலும் இது பயன்படும். உச்சியின் காட்சி மட்டும் அவ்வளவாக மாறாது. தொலைவில் இருப்பவற்றுக்கு உங்கள் உயரம் ஒரு பொருட்டில்லை.

அனுமதி விஷயத்தைக் கடைசி நேரத்துக்கு விடாதீர்கள். தாத்தா காலத்தில் யாரும் கேட்காத மலை இன்று பாதுகாக்கப்பட்ட காடாகவோ தனியார் நிலமாகவோ இருக்கலாம். காட்டுத்தீ பருவத்திலும் விலங்குகள் குட்டி ஈனும் பருவத்திலும் பல இடங்கள் மூடியிருக்கும். "முன்பு எங்கள் குடும்பம் போகும்" என்பது அனுமதி ஆகாது. ஆனால் பாதையின் பெயரையும் வரைபடத்தையும் கையில் வைத்துக்கொண்டு முன்கூட்டியே கேட்டால் வழிகாட்டியோடு அனுப்பும் இடங்கள் உண்டு.

பாதையே இல்லாமல் போயிருந்தால், அதாவது குவாரி தின்றிருந்தாலோ நீர்த்தேக்கத்துக்குள் போயிருந்தாலோ, முள்வேலி ஏறிக் குதிக்க வேண்டியதில்லை. உச்சி மிச்சமிருந்தால் வேறு பக்கத்திலிருந்து அதை அடையலாம். காகித வரிசையின் கடைசித் துண்டுகள் அங்கே பொருந்தும். உச்சியும் இல்லை என்றால் பள்ளத்தாக்கின் எதிர்ப்பக்க முகட்டைத் தேர்ந்தெடுங்கள். எந்த இடத்திலிருந்து பழைய சரிவு முழுதாகத் தெரியும் என்பதை வீட்டிலிருந்தே பார்க்கலாம்: கூகுள் எர்த்தில் அந்த முகட்டின் மேல் தரைமட்டப் பார்வைக்கு இறங்கி, பழைய சரிவின் பக்கம் திரும்பிப் பாருங்கள். மரத்தின் உயரத்தை அது பெரும்பாலும் காட்டாது என்பதால், பாறையோ புல்வெளியோ உள்ள புள்ளியாகப் பார்த்து எடுங்கள். பிற்பகலில் வெயில் பழைய சரிவின் மேல் விழுமா, உங்கள் கண்ணில் விழுமா என்பதையும் அதிலேயே நேரத்தை நகர்த்திப் பார்த்துக்கொண்டு கிளம்பலாம்.